காகம் தொடாத சோறு

நெடுந்தீவில் காகங்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் வைத்திலிங்கத்தார் தன் கல்வேலியில் வைக்கிற சோற்றை மட்டும் ஒரு காகமும் தொடுவதில்லை.

அதில் அவர் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மனைவி மனோகரி கண்ணை மூடுவதற்கு முன்னமே சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"நான் செத்தால் எனக்கெண்டு காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பியள்தானே?"

"இதென்ன கேள்வியப்பா? வைப்பன்தானே."

"ஆர் அவிக்கிறது?"

"வேறை ஆர்? நான்தான்."

"அப்ப நான் பட்டினி," என்றுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் விட்ட கடைசிப் பகிடி அது. பகிடிதானா என்பதுதான் வைத்திலிங்கத்தாருக்குக் கவலை. செத்தவர்கள் காகமாய் வந்து சாப்பிட்டுப் போனால்தான் மனம் ஆறினார்கள் என்று அர்த்தம். மனோகரி மனம் ஆறாமல் கிடந்தால் அவருக்கு எப்படி ஒரு வாய் உள்ளே இறங்கும்?

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனமெல்லாம் குறிகட்டுவான் துறைக்குப் படகேறிப் போன பிறகு, வீட்டில் இரண்டு கதிரையும் ஒரு ஆளும் மிச்சம். மாடுகளை மேய அவிழ்த்துவிட்டு வந்து குசினிக்குள் நுழைந்தார். முதல் நாள் சோறு அடியில் கரி, நடுவில் களி, மேலே அரிசி. மூன்றையும் ஒரே பானையில் ஒரே நேரத்தில் இறக்குவது லேசுப்பட்ட வேலையல்ல. இலையில் வைத்துக் கூப்பிட்டார். ஒரேயொரு காகம் வந்தது. தலையைச் சரித்துப் பார்த்தது. சோற்றைத் தொடாமலே அலகைக் கல்லில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துவிட்டு, றொபேட் வீட்டு முருங்கைக்குப் போய்விட்டது.

அந்தத் துடைப்பு வைத்திலிங்கத்தாருக்குத் தெரிந்த துடைப்பு. அவர் போட்ட தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டு மனோகரியும் அப்படித்தான் சேலைத்தலைப்பால் வாயை இரண்டு பக்கமும் துடைப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள்.

அடுத்த நாளும் வைத்தார். அதற்கடுத்த நாளும் வைத்தார். சோளகக் காற்று இலையைத் தூக்கினால் கல்லைப் பாரம் வைத்தார். மாரி மழையில் சோற்றுக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைந்தார். கடல் கொந்தளித்துப் படகு ஓடாமல் மரக்கறி வராத நாளில் முருங்கையிலை வறுத்தார். காகம் வரும், பார்க்கும், துடைக்கும், போகும்.

பக்கத்து வீட்டு றொபேட் வலையோடு போகும்போது வேலியால் எட்டிப் பார்ப்பான்.

"வைத்தியண்ணை, ஒரு மீன்தலையை வையுங்கோவன். விழுந்தடிச்சு வரும்."

"அவள் மீன் மச்சம் தொடமாட்டாள்."

"ஆர், காகமோ?"

"மனோகரி."

வேதக்காரனான றொபேட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கடலுக்குப் போனான்.

நாளாக நாளாகக் காகம் பிழை பிடிக்கத் தொடங்கியது. உப்புக் கூடினால் தலை இடப்பக்கம் சரியும். உறைப்புக் கூடினால் மிளகாயை மட்டும் பொறுக்கிக் குசினி வாசற்படியில் கொண்டுவந்து வைக்கும். ஒருநாள் சொதி கொதிக்கும்போதே தேசிக்காயைப் பிழிந்து, தேங்காய்ப்பாலைத் திரையப் பண்ணிவிட்டார். மறுநாளும் அவர் தேசிக்காயை எடுத்ததும் காகம் பறந்து வந்து பறித்துக்கொண்டு போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தது. சட்டியை அடுப்பால் இறக்கும்வரை தரவில்லை. ஊரில் இதை ஒருவரும் நம்புவதில்லை. அந்தக் கிணற்றுக்கட்டு இப்போதும் அங்கேதான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

இப்படியே வருசங்கள் போயின. ஒரு மாரிப் பனிப்புகாரில் துறை தெரியாமல் தடுமாறிய படகொன்று வைத்திலிங்கத்தாரின் சொதி வாசத்தைப் பிடித்துக்கொண்டு நேரே வந்து கரை தட்டியது. அன்றைக்கு றொபேட்டும் ஒரு கோப்பையோடு வந்து நின்றான். ஒரு வாய் வைத்தான்.

"அண்ணை, இது மனோகரியக்கா வைக்கிற சொதியெல்லோ!"

 வைத்திலிங்கத்தார் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். காகம் வந்தது. தலை சரியவில்லை. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டது. அலகைத் துடைக்காமல் சற்று நேரம் இருந்துவிட்டுக் கடல் பக்கமாய்ப் பறந்தது. அன்றுதான் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாளும் அதே சோறு, அதே சொதி. கூப்பிட்டதும் ஊர்க் காகமெல்லாம் வந்து விழுந்து தின்றன. அது மட்டும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

"மனம் ஆறீட்டுது அண்ணை. இனி ஏன் வரப்போறா? சந்தோசப்படுங்கோ," என்றான் றொபேட்.

"ஓம்," என்றார். சந்தோசப்படத்தான் பார்த்தார், ஏலவில்லை. முன்னால் வெறுங்கதிரை இருந்தது. தனியே இருந்து சாப்பிட்டால் நல்ல சோறும் தொண்டையில் நிற்கும் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது.

ஒரு காலை, பதமாய் வந்துகொண்டிருந்த சொதியைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உப்புப் பானைக்குள் கைவிட்டு இரண்டு கை அள்ளிப் போட்டார். கொதிக்கக் கொதிக்கத் தேசிக்காயைப் பிழிந்தார். சோற்றை அடிப்பிடிக்க விட்டார். கை பழகிவிட்டதால் கெடுப்பதும் அவ்வளவு சுலபமாய் இருக்கவில்லை.

இலையை வைத்ததும் ஊர்க் காகமெல்லாம் கலைந்து ஓடின. கடல் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. தலை இடப்பக்கம் சரிந்தது. அலகைக் கல்லில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்தது. பிறகு கத்தத் தொடங்கியது.

வைத்திலிங்கத்தார் கதிரையை வேலியோரம் இழுத்துப் போட்டு இருந்தார்.

"ஓமப்பா, ஓம். பிழைதான். நாளைக்குச் சரியாய்ச் செய்யிறன்."

அப்படிச் செய்யும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை.