மூங்கிலுக்கு மேலே விட்ட இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருக்கும் சீன நகரமான சூஜோவில், பக்கத்து வீட்டில் பார்த்த ஒரு பழைய ஓவியம்தான் இந்தக் கதைக்குக் காரணம். கீழே மூங்கில், மேலே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் மட்டும் தாள் லேசாக நெளிந்திருந்தது. ஏன் என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, தெரிந்ததுபோல எழுதுகிறேன்.

2

மிங் அரசர்கள் காலத்தில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு...

(வேண்டாம். எல்லாக் கதையிலும் மழை பெய்கிறது.)

ஷூயிங் வரைவாள். அவள் கணவன் பெய் லாங் மேலே நாலு வரி கவிதை எழுதுவான். எழுத்து ஏறாத படத்தை அந்த ஊரில் முடிந்த படமாக யாரும் மதிக்கமாட்டார்கள். இருபது வருஷம் இப்படியே போனது. பிறகு வாதம் வந்து அவனுக்கு வலது கை விழுந்துவிட்டது.

வெற்றிடத்தைப் பார்த்தால் மனுஷன் நொந்துபோவானே என்று அவள் தாள் முழுக்க வரைய ஆரம்பித்தாள். உச்சிவரை இலை, பாறை, மேகம்.

(இங்கே அவளை அசடு என்று எழுதி அடித்துவிட்டேன். அன்பால் செய்த காரியம் அது.)

3

“என்ன யிங், மூங்கில் கூரையப் பிச்சுக்கிட்டுப் போகுது?”

“நல்லா வளர்ந்திருக்குங்க.”

“என் இடத்துல வளர்ந்திருக்கு.”

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

“கைதான் போச்சு. நான் இருக்கேன்ல? அதுக்குள்ள என்னை வெளிய தள்ளிட்டியே.”

“ஐயோ, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதாங்க...”

“நோகட்டும். இடத்தை விடு.”

புதுத் தாள் விரித்து, அழுதுகொண்டே மூங்கிலைப் பாதியில் நிறுத்தினாள்.

4

முடிவு ஒன்று: இடது கையால் எழுதுகிறான், ஊரே மெச்சுகிறது. (பொய். கையெழுத்துக்குப் பேர்போனவன், கோணல் எழுத்தை ஊருக்குக் காட்டமாட்டான்.)

முடிவு இரண்டு: நண்பன் ஒருவன் வந்து அவனுக்குப் பதிலாக... (வேண்டாம்.)

முடிவு மூன்றை நம்புகிறேன். தூரிகையை மையில் தோய்க்காமல் வெறும் தண்ணீரில் நனைத்து, இடது கையால் எழுதினான்.* ஈரம் காய்வதற்குள் ஷூயிங் படித்தாள்.

“எழுத்து கேவலமா இருக்கு.”

“படிக்க முடியுதுல்ல?”

“முடியுது,” என்று அவன் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.

படங்களைப் பட்டில் ஒட்டித் தருபவர் வந்து பார்த்தார். “இது இன்னும் முடியலியேம்மா?”

“முடிஞ்சிடுச்சு.”

“அப்ப அந்த நெளிவையாவது பசை போட்டு நீவித் தரட்டா?”

“அதுல கை வைக்காதீங்க.”

* சின்ன வயதில் அங்கே எல்லோரும் கல்லில் தண்ணீரால் எழுதிப் பழகியவர்கள்தான்.

5

என்ன எழுதினான்? அவனுக்காக நாலு வரி எழுதிப் பார்த்தேன். எதுவும் அவனுடையதாக இல்லை, அடித்துவிட்டேன். இதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால், தண்ணீரில் எழுதுங்கள்.