படகை மெல்ல அணைக்கும் முறை

1

இந்தக் கதை பிறந்தது ஒரு பயன்பாட்டுக் கையேட்டில். எனக்குப் பிழைப்பு மொழிபெயர்ப்பு. துவைக்கும் இயந்திரம், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, குழந்தைக்கான கார் இருக்கை என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, பிரிக்காமலே தூக்கிப் போடுவோமே, அதைத் தமிழில் எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. கதையெல்லாம் மிச்ச நேரத்தில்.

போன வருஷம் ஒரு த்ரஸ்டருக்கான கையேடு வந்தது. மோட்டார் படகின் முன்மூக்கில் பொருத்துவதாம். குறைந்த வேகத்தில் படகைத் திருப்ப உதவுமாம். குறைந்த வேகத்தில் படகு தானாகத் திரும்பாதா என்ன? எனக்குப் புரியவில்லை. கண்ணால் பார்க்காத பொருளைப் பற்றி எழுதினால் தமிழும் அப்படியே குருட்டாம்போக்கில் வரும். ஆகவே யாரிடம் அது இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன்.

(ஒரு குறிப்பு. முதலில் அதற்கு நான் வைத்த பெயர் ‘பக்க உந்தி’. உந்தி என்றால் தொப்புளும்தானே என்று சரிபார்ப்பவர் எழுதினார். த்ரஸ்டராகவே விட்டுவிட்டோம். படகைத் துறையோடு சேர்ப்பதை ‘படகை அணைத்தல்’ என்று நான் எழுதியதற்கும் அவர் வட்டம் போட்டார். கட்டிப்பிடிப்பது போலவும் படுகிறது, விளக்கை நிறுத்துவது போலவும் படுகிறது, மாற்றவும் என்றார். அதை மட்டும் நான் மாற்றவில்லை.)

துறையில் ஒரு படகுக்காரர் இருந்தார். சாதனத்தைக் காட்டினார், பொத்தானை அழுத்த விட்டார், எதற்காக மாட்டினார் என்பதையும் சொன்னார். அவர் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. எது எவருடையது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘ஏரியின் மேல் பனி படர்ந்திருந்த’ — வேண்டாம். பனி படர்ந்தால் படகு கிளம்பாது.

இரண்டாம் தொடக்கம்: ‘விவாகரத்து என்பது’ — இதுவும் வேண்டாம். அப்படித் தொடங்குகிற எதையும் நானே படிக்க மாட்டேன்.

நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். படகுக்காரருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. இந்தக் கரைக்கும் ஆஸ்பத்திரி இருக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே படகு ஓட்டுகிறார். கூரை போட்ட படகு, இரண்டு பக்கமும் பெஞ்சு. ரோடும் இருக்கிறது, நல்ல ரோடுதான், ஆனால் ஏரியை முழுசாகச் சுற்ற வேண்டும். பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பொழுது போய்விடும்.

ஒரு நாள் காலையில் ஏறுகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். நீட்டிய கையை ஒருவர் பிடித்தார். நிமிர்ந்து பார்த்தால், மாமியார்.

முன்னாள் மாமியார் என்று எழுத வேண்டும். எழுதினேன், அடித்தேன். முன்னாள் மனைவி என்பது காதுக்குப் பழகிவிட்டது. முன்னாள் மாமியார் என்றால் ஏதோ பதவியிலிருந்து இறக்கிய மாதிரி இருக்கிறது. எனவே இனி அவர் இந்தக் கதையில் தையல்காரம்மா. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற சின்னக் கடை வைத்திருந்தார்.

படகுக்காரரின் கல்யாணம் சண்டை போட்டு முறியவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள். ஒரே வீட்டில் இருக்கும்போது மட்டும் மூச்சு முட்டியது. பிரிந்தார்கள். அவள் வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். ஆனால் மாமியாருக்கும் மருமகனுக்கும் ஒத்துப்போயிருந்ததே, அதை என்ன செய்வது? அவர் சொல்லும் ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்த ஒரே ஆள் தையல்காரம்மாதான். அவருடைய தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தது இவர். கோர்ட்டில் இந்த இரண்டு பேரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்குப் படகில் இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

“ஏறியாச்சா?”

“ஆச்சு.”

“ஆஸ்பத்திரிக்கா?”

“ஆமா, ஒரு சின்ன வைத்தியம்.”

கவனித்தீர்களா? நீங்க இல்லை, அத்தை இல்லை, மாப்பிள்ளை இல்லை. ஏறியாச்சா, உக்காரலாமே, காத்து ஜாஸ்தியா இருக்குல்ல. எதிரில் இருப்பவரை எந்தப் பெயராலும் தொடாமல் தமிழில் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசலாம். அவர்கள் அப்படித்தான் பேசினார்கள், ஒவ்வொரு வாரமும்.

3

இங்கே கொஞ்சம் படகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கையேட்டில் ஒரு பக்கம் வருவதை நான்கு வரியில் முடித்துவிடுகிறேன்.

படகைத் திருப்புவது பின்னால் இருக்கும் சுக்கான். தண்ணீர் அதன் மேல் வேகமாகப் பாய்ந்தால்தான் அது வேலை செய்யும். படகு மெதுவானால் சுக்கான் சொல்வதைப் படகு கேட்காது. அந்த நேரம் பார்த்துக் காற்று வந்து மூக்கை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போகும். அதனால் துறைக்கு வரும்போது கொஞ்சம் வேகமாகவே வந்து, கடைசியில் ரிவர்ஸ் போட்டு, துறையில் கட்டியிருக்கிற டயர்களில் ஒரு இடி இடித்து நிறுத்துவார்கள். எல்லாரும் அப்படித்தான். பெரிய இடி இல்லை. பஸ் பிரேக் போட்ட மாதிரி. பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள்.

தையல்காரம்மா மட்டும் துறை தெரிந்ததுமே பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். தண்ணீர் என்றால் பயம் போலிருக்கிறது என்று படகுக்காரர் நினைத்தார்.

பிறகு ஒரு வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. ஒரு நாள் நடு ஏரியில் இருக்கும்போது, கரையோர ரோட்டில் போகும் பஸ்ஸின் ஜன்னலில் அவர் தலை தெரிந்தது.

[இந்த இடத்தில் படகுக்காரர் என்ன நினைத்தார் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். உங்களுக்கே தெரியும். நம் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று நினைத்தார். மகள் ஏதாவது சொல்லியிருப்பாள் என்றும் நினைத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்போம்.]

உண்மையைச் சொன்னது தினமும் படகில் போகிற நர்ஸம்மா. உங்க படகுல ஒரு தையல்காரம்மா வருவாங்களே, பாவம், முதுகெலும்பு உளுத்துப்போய் ஒரு இடத்தில் விரிசல், ஒவ்வொரு தடவை படகு இடிக்கும்போதும் உயிர் போய் உயிர் வருதாம், அதான் பஸ்ஸில் சுத்திக்கிட்டு வர்றாங்க, வந்து சேரும்போது முகமே செத்துப்போயிடுது என்று, மற்றவர்களிடம் வானிலையைப் பேசுவது போல, பேசிக்கொண்டே இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு படகுக்காரர் குனிந்து, பெஞ்சின் விளிம்பில் தையல்காரம்மா பிடித்துக்கொள்ளும் இடத்தைத் தடவிப் பார்த்தாராம். இது அவர் சொன்னது. நான் சேர்க்கவில்லை.

4

அடுத்து வருகிற மின்வேலைக்காரி மேல் எனக்கே சந்தேகம். த்ரஸ்டரை “ஒருத்தங்க வந்து மாட்டிக் கொடுத்தாங்க” என்று மட்டும்தான் படகுக்காரர் சொன்னார். அந்த ஒருத்தங்களை நான்தான் வாயாடியான ஒரு பெண்ணாக்கினேன். அதுவரை கதையில் எல்லாரும் சோகமாக இருந்தார்கள். எனக்கே தாங்கவில்லை.

அவள் படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றச் சொல்லி, மூக்குப் பக்கம் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள்.

நல்லா இருக்கிற படகில் ஓட்டையா என்று கேட்டார்.

“ஒண்ணு இல்ல, ரெண்டு. இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வரணும்ல.”

இந்த ஓட்டைக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவே ஒரு குழாய், குழாய்க்குள் சின்ன விசிறி, அதைச் சுற்ற ஒரு மின்மோட்டார், அதற்கென்று பக்கத்திலேயே தனி பேட்டரி. இடது பொத்தானை அழுத்தினால் விசிறி தண்ணீரை வலப்பக்கம் தள்ளும், மூக்கு இடப்பக்கம் நகரும். அவ்வளவுதான் விஷயம். அவள் ரம்பத்தை எடுத்ததும் படகுக்காரர், குழந்தைக்கு ஊசி போடும்போது வெளியே போய் நிற்கும் அப்பா மாதிரி, கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

முதல் நாள் மானம் போயிற்று. பொத்தானை அழுத்தினார், மிக்சி ஓடுகிற மாதிரி சத்தம் வந்தது, படகு நகரவில்லை. இன்னும் அழுத்தினார். மூக்கு ஒரேயடியாகச் சுழன்றது. பதறி மறுபக்கம் அழுத்தினார். அது அந்தப் பக்கம் சுழன்றது. கடைசியில் மோட்டார் சூடேறித் தானாகவே நின்றுபோனது. துறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

“தொட்டுட்டு விடுங்க” என்றாள் மின்வேலைக்காரி. “படகு கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் திரும்பும். அதுக்குள்ள திரும்பத் திரும்பச் சொன்னா கோவம் வந்துடும்.”

(இதையே கையேடு, ‘குறுகிய அழுத்தங்களாகப் பயன்படுத்தவும்; படகின் எதிர்வினைக்குக் காத்திருக்கவும்’ என்கிறது. வேகமாகப் போகும்போது இதற்குப் பலன் இருக்காது, வேகத்தைக் குறைத்தால்தான் வேலை செய்யும் என்றும் ஒரு எச்சரிக்கை உண்டு.)

தையல்காரம்மா உட்காரும் இடத்தில் அவள் ஒரு கோப்பைத் தேநீரோடு உட்கார்ந்துகொண்டாள். துறைக்கு வந்து, விலகி, மறுபடி வந்து, நாள் முழுக்க அதே வேலை. தேநீர் சிந்தினால் அடுத்த கோப்பை அவர் வாங்கித் தர வேண்டும். அன்றைக்கு அவள் நிறையத் தேநீர் குடித்தாள். மறுநாள் குறைந்தது. வார முடிவில் ஒரே கோப்பையோடு, அதுவும் ஆறிப்போய், உட்கார்ந்திருந்தாள்.

5

இனி அவர் போய்க் கூப்பிட வேண்டும். படகில் ஓட்டை போட்டதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை.

கடைக்கு நடந்து போகும்போது அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்தவை: ‘படகுல ஒரு புது சாமான் —’, ‘இந்தப் பக்கமா வந்தேன், சும்மா —’, ‘நான் உங்களுக்கு —’. எதையும் அவரால் முடிக்க முடியவில்லை. என்னாலும் முடிக்க முடியவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துக்கொண்டு, ஒரு நீலச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார் தையல்காரம்மா. படகுக்காரரைப் பார்த்ததும் காலை எடுத்தார். மெஷின் நின்றது.

“படகு இப்ப இடிக்கறதில்ல” என்றார் இவர், வாசலில் நின்றபடியே.

“முன்னாடி மட்டும் இடிச்சுதா என்ன?”

“இடிச்சுது. நர்ஸம்மா சொன்னாங்க.”

“அவங்களுக்கு வாய் நீளம்.”

தையல்காரம்மா சட்டையிலிருந்து ஒரு நூலைக் கடித்து எடுத்தார். அது அறுக்க வேண்டிய நூல்தானா என்று எனக்குத் தெரியாது.

“மெதுவா வாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அத்தை.”

வாய் தவறித்தான் வந்தது. வந்த பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

“மெதுவா வந்தா படகு திரும்பாதுன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க” என்றார் தையல்காரம்மா. “கல்யாணம் ஆன புதுசுல, எங்களை ஏரி சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனீங்களே, அன்னைக்கு. உங்களால முடியாதுன்னு தெரிஞ்சும் எப்படிக் கேக்கறது? கேட்டா நீங்க சங்கடப்படுவீங்க.”

[இதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது. அதில் இருவரும் அழுதார்கள். அழவில்லையாம். உள்ளே வந்து உக்காருங்க என்று ஸ்டூலைக் காட்டினார், மெஷின் கரகரக்கிறது என்றார், இவர் எண்ணெய்க் குப்பி எங்கே என்று கேட்டார். வழக்கமான இடத்தில்தான் இருந்தது.]

6

அடுத்த வாரம் தையல்காரம்மா படகில் ஏறினார். காற்று இல்லாத நாளாக அமையட்டும் என்று படகுக்காரர் ஆசைப்பட்டார். நல்ல காற்று.

இந்த இடத்துக்கு என்னிடம் மூன்று வழிகள் இருந்தன.

அ. த்ரஸ்டர் பழுதாகிறது. படகுக்காரர் தண்ணீரில் குதித்து, படகைத் தோளால் தாங்கி — சினிமா. வேண்டாம்.

ஆ. எதிர்க்கரையில் மகள் நிற்கிறாள். இதை இரண்டு பக்கம் எழுதி, நன்றாக வந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் படகுக்காரருக்குப் படித்தும் காட்டினேன். “அவ — அவங்க அன்னைக்கு ஆபீஸ்ல இருந்தாங்க” என்றார். அதோடு சரி.

இ. நடந்தது.

துறை தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். படகில் இருந்தவர்கள் ஏதோ கோளாறு என்று திரும்பிப் பார்த்தார்கள். காற்று மூக்கைத் தள்ளியது. ஒரு தொடல். காத்திருந்தார். மூக்கு திரும்பி வந்தது. மறுபடி ஒரு தொடல். காத்திருந்தார். அவருடைய உள்ளங்கை வேர்த்துப் பொத்தான் வழுக்கியது, சட்டையில் துடைத்துக்கொண்டார். டயருக்கும் படகுக்கும் நடுவே இருந்த தண்ணீர் ஒரு முழமாகி, ஒரு சாணாகி, இல்லாமல் போனது. கயிற்றைப் போட்டார். எல்லாரும் எழுந்து இறங்கத் தொடங்கினார்கள்.

தையல்காரம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, பெஞ்சு விளிம்பைப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“வந்தாச்சு, அத்தை.”

கண்ணைத் திறந்து, துறையைப் பார்த்து, இவரைப் பார்த்தார்.

“எப்போ?” என்றார்.

7

கதையை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சரிபார்ப்பவரிடம் காட்டினேன், அவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் இன்னும் கொஞ்சம் நடந்தது.

வைத்தியம் நல்லபடியாக முடிந்தது. விரிசல் மூடிவந்தது. தலையணை ஒன்றாகக் குறைந்தது. கடைசி நாள் மத்தியானம் திரும்பி வரும்போது படகில் வேறு யாரும் இல்லை. நடு ஏரியில் தையல்காரம்மாவின் போன் அடித்தது. மகள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் போனில் எப்போதும் சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பார். நன்றாகக் கேட்கட்டும் என்று படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். படகு சும்மா மிதந்தது.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னார். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். வேறு சத்தமே இல்லை. பிறகு மகள் கேட்டது படகுக்காரருக்கும் தெளிவாகக் கேட்டது.

“தனியாவா வர்றே? யாரோட வர்றே?”

தையல்காரம்மா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்தார். இவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு அவர் ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்று படகுக்காரரிடம் கேட்டேன். அவர் குனிந்து, ஒழுங்காகவே இருந்த ஒரு கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“எஞ்சின் சத்தத்துல கேக்கலைங்க” என்றார்.

நான் மேலே கேட்கவில்லை. என்ன வார்த்தை அது என்று நான்கைந்து எழுதிப் பார்த்தேன். படகுக்காரரோட. தெரிஞ்சவர் ஒருத்தரோட. மாப்பிள்ளையோட. அவர் பெயரையேகூடச் சொல்லியிருக்கலாம், இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை என்றாலும். ஒவ்வொன்றையும் எழுதி, சத்தமாகப் படித்து, அடித்துவிட்டேன். ஒன்றும் தப்பாக இல்லை. ஆனால் எதையும் அவர் வாயில் வைக்க எனக்குக் கை வரவில்லை.

உங்களுக்கும் யாராவது ஒருவர் இருப்பார், என்ன உறவு என்று கேட்டால் உடனே சொல்ல வராத ஒருவர். அவரை நினைத்துக்கொண்டு நீங்கள் சொல்லிப் பாருங்கள். படகு நிற்கிறது, மகள் காத்திருக்கிறாள், அவசரம் ஒன்றும் இல்லை.