பாடின கல்

கண்ணாடித் தகட்டைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீர்ச் சட்டியில் அமுக்கினாள் பவுனம்மாள். புருஷன் கன்னையாவை எரித்து இன்றோடு மூன்று நாள். கருமாதிக்கு வைக்கும் படத்துக்குக் கண்ணாடி வேண்டுமாம்.

“பாசார்ல போய் வாங்கணுமா அண்ணி? அண்ணன் சேத்து வெச்ச குப்பைல ஒண்ணக் கழுவுங்க லா” என்றான் கொழுந்தன் தம்புசாமி. ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி. அண்ணன் படுத்துக் கிடந்த ஆறு மாதமும் இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், இப்போது அதிகாரம் பண்ணுகிறான்.

கழுவுவது அவளுக்குப் புதிதல்ல. கன்னையா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். படம் விழுவது கண்ணாடித் தகட்டில்; கழித்த தகடுகளைக் கொண்டுவருவார். ஊரார் விலா எலும்பையெல்லாம் சுரண்டித்தான் அவள் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாள். அதிலாவது உபயோகம் இருந்தது. மனுஷன் அதோடு நின்றாரா? தந்தி ஆபீஸ் மிஷினிலிருந்து கழற்றித் தூக்கிப்போட்ட படிகக்கல் துண்டுக்கு மின்சாரம் கொடுத்து அதையும் படம் பிடித்தார். கல்லுக்கு எக்ஸ்ரே! வருஷக்கணக்காய் அந்த மிஷினோடு கிடந்து விரல்கள் வெந்து கறுத்ததுதான் மிச்சம்.

“கல்லுக்குள்ள சத்தம் அலையலையா ஓடுது பவுனு. காதுக்குக் கேக்காது, படத்துல புள்ளி புள்ளியாத் தெரியும். சும்மா இருக்கிற கல்லுக்குப் புள்ளி வெளிறி விழும், பாடுற கல்லுக்குக் கறுப்பா விழும். ரெண்டு தகட்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. எது பாடுதுன்னு நீயே சொல்லுவே.”

“பாடுற கல்லு உலை வைக்குமா?” என்பாள். ஒரு நாளும் பார்த்ததில்லை. கடைசி நாள் காலையிலும் பார்க்கச் சொல்லிக் கேட்டார். “கஞ்சியக் குடிங்க மொதல்ல” என்றாள். அவர் குடிக்கவில்லை.

கட்டிலடியில் மிச்சமிருந்தவை அந்த இரண்டு தகடுகள்தாம். புள்ளிதானே என்று மேலே இருந்ததை வெந்நீரில் போட்டாயிற்று. மற்றதைச் சும்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கோடு இழுக்காத கோலம் போல வரிசை தப்பாமல் புள்ளிகள். அழகாகத்தான் இருந்தன. சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தகடு வெறும் கண்ணாடியாகக் கிடந்தது.

“தம்பி, இதப் பாத்துச் சொல்லுங்க. புள்ளி கறுப்பா, வெளிறலா?”

தம்புசாமி வேண்டாவெறுப்பாகக் கண்ணைச் சுருக்கினான். “எதோட ஒத்துப் பாத்துச் சொல்றது அண்ணி? ஒண்ணுதானே இருக்கு?”

அவள் வெந்நீருக்குள் கையை விட்டு, உரிந்து மிதந்த படத் தோலைத் துழாவிக்கொண்டிருந்தாள்.