பதினொரு நிமிடம்

படம் தொடங்கிக் கால் மணி நேரத்திலேயே குரல் பின்தங்கிவிட்டதைத் தங்கை கவனித்துவிட்டாள். திரையில் நாயகி பேருந்து ஏறிவிட்டாள். ஹெட்போனிலோ, அவள் இன்னும் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பதாகத் தங்கையின் குரலே சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம், வேலை விட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து எழுதிப் பதிவு செய்த குரல் அது. பார்வையில்லாதவர்களும் படம் பார்க்கட்டும், வசனமில்லாத இடத்தில் என்ன நடக்கிறதென்று ஒரு குரல் சொல்லட்டும் என்று விழாக் குழுவின் காலில் விழாத குறையாகக் கேட்டு, ஒரே ஒரு படத்துக்குச் சம்மதம் வாங்கியிருந்தாள். 'அனைவருக்குமான திரைவிழா' என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார்கள். கொடுத்ததென்னவோ எட்டு ஹெட்போன். ஒன்று அவளுக்கு, ஒன்று அண்ணனுக்கு, மற்ற ஆறும் பார்வையில்லாத வேறு ஆறு பேருக்கு. கண் போன பிறகு ஆறு வருடமாகத் தியேட்டர் வாசலை மிதிக்காதவன் அவன். "ஒரே ஒரு தடவை வரேன். சரிப்படலன்னா இனிமே என்னைக் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டுத்தான் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னான்.

குனிந்தபடியே வெளியே போய் விழாச் செயலாளரைப் பிடித்தாள். இயக்குநர் போன வாரம் அங்கங்கே வெட்டிப் பதினொரு நிமிடம் குறைத்துவிட்டாராம். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, இவளிடம் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. குரல் தனிக் கருவியில் ஓடுகிறது. எங்கெங்கே வெட்டினார் என்று தெரியாமல் அதைச் சரிக்கட்டவும் வழியில்லை. படத்தையாவது நிறுத்துங்கள் என்றாள். பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

"ஹெட்போன் குடுத்தோம்ல? யாரும் ஒண்ணும் சொல்லலையே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அரங்கம் கொல்லென்று சிரித்தது. அண்ணனும் சிரித்தான், ஒரு கணம் பிந்தி. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் சங்கடப்படக் கூடாதென்று அவன் சிரிக்கிற சிரிப்பு. அவளுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

"வெளிய போயிடலாம்ணா."

"உக்காரு. அவங்க சிரிக்கிறப்ப நானும் சிரிச்சுட்டுப் போறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

குரலில் துளிக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

படம் முடிந்தது. கைதட்டி, செயலாளரின் கையைக் குலுக்கி, கூட்டம் கலைந்தது. அண்ணன் ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்தில் நீட்டினான்.

"இந்தா. நீ இன்னும் பேசிட்டுதான் இருக்க."

அவள் தோளைத் தேடாமல், கைத்தடியை விரித்துக்கொண்டு தானாகவே வாசல் பக்கம் நடந்தான். இனி அவனைக் கூப்பிட முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மற்றவர்கள் எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன ஹெட்போன்களை இருக்கை இருக்கையாகப் பொறுக்கினாள். வெறும் வெள்ளைத் திரைக்கு எதிரே, அவள் கைகளுக்குள் எட்டிலும் அவள் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது: நாயகி கதவைத் திறக்கிறாள், வெளியே நல்ல வெயில்.