முதல் பெட்டியின் சுழி

பிள்ளையார் சுழியின் வால் சற்றே மேலேறி முடிகிற இடத்தில் வேல்விழி இன்னொரு புள்ளி வைத்தாள். எழுத்துரு செய்கிற மென்பொருளுக்கு அது பிடிக்கவில்லை. புள்ளிகள் அதிகம் என்று ஓரத்தில் மஞ்சள் குறி காட்டியது. முதலில் ஒரு தடவை அதன் பேச்சைக் கேட்டுச் சீராக்கும் பொத்தானை அழுத்தியும் பார்த்தாள். நெளிவெல்லாம் போய், எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கிற வழுவழு ‘உ’ ஒன்று வந்து நின்றது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் செல்வக்குமார் போட்டதாக இல்லை. மார்க்கரைச் சாய்த்துப் பிடிப்பதால் அவன் சுழிக்கு அடிவயிறு தடித்திருக்கும். அட்டையின் மேடுபள்ளத்தில் கோடு தட்டித் தட்டிப் போகும். அந்தத் தட்டல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வேண்டும். மென்பொருள் கிடக்கிறது, அதற்கென்ன தெரியும்?

செல்வக்குமார் அவள் புருஷன். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தான். சீசனின் முதல் பெட்டியில் அவன்தான் சுழி போடுவான். கைராசிக்காரன் என்று முதலாளி சங்கரபாண்டியனே மார்க்கரை எடுத்துக் கையில் கொடுப்பார். அன்றைக்கு மட்டும் செல்வக்குமாரின் நடையே வேறு மாதிரி இருக்கும். போன சீசனிலும் அவன்தான் போட்டான். அந்த லோடு ஊர் போய்ச் சேருவதற்குள் வெடிமருந்து அறை வெடித்தது. கூட வேலை பார்த்த பாண்டிமுருகன் அங்கேயே போய்ச் சேர்ந்தான். செல்வக்குமாருக்கு வலது கை விரல்கள் வெந்து, ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டி உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. சுழி போட்ட கைதான் காவு வாங்கியது என்று யாரோ ஒரு வாய் ஆரம்பித்து வைத்தது. அப்புறம் எந்தக் கம்பெனியும் அவனை வாசல் காவலுக்குக்கூட எடுக்கவில்லை. அந்தச் சின்ன அறையில் பேக்கிங் ஆட்களையும் சேர்த்து அத்தனை பேரை உட்கார வைத்தது யார் என்று மட்டும் எந்த வாயும் கேட்கக் காணோம்.

முதலாளி அப்படி நினைக்கமாட்டார் என்று வேல்விழி நம்பினாள். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். இந்த வருஷத்துப் பெட்டி லேபிள் ஆர்டர் அவள் டிசைன் வேலை பார்க்கும் அச்சகத்துக்கே வந்தபோது, நல்ல காலம் திரும்பிவிட்டதென்றே நினைத்தாள். முன்னொரு சீசனில் கிழிந்ததென்று கழித்துவிட, அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து பழந்துணி போட்டு வைத்திருந்த பெட்டியில் அவன் போட்ட சுழி ஒன்று இருந்தது. அதைப் போனில் படம் பிடித்து, மேலேயே புள்ளி புள்ளியாக வைத்து வரைந்து, லேபிளின் தலையில் ஏற்றினாள். முதலாளி அதைப் பார்ப்பார், மனசு இளகும், அப்போது காவல் வேலையைக் கேட்டுவிடலாம். மாதிரி பார்க்க அவர் வருகிற அன்று செல்வக்குமாரையும் கூட்டி வந்து அச்சக வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தாள். அவன் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதலாளி காரை விட்டு இறங்கிப் போனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். பெஞ்சைக் கவனிக்கவில்லை. மாதிரித் தாளைக் கையில் வாங்கிக் கலரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கண் மேலே போனது.

“ஏம்மா, இந்தச் சுழி எங்கன எடுத்த?”

“அவுக போட்டதுதான் மொதலாளி. பழைய பெட்டியில இருந்துச்சு. இனி எல்லாப் பெட்டியிலயும் வரும்ல, ராசியா இருக்கும்னு...”

“எல்லாப் பெட்டியிலயுமா?” தாளை மேஜையில் வைத்துவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. “கோச்சுக்காத தாயி. ஒத்தப் பெட்டியில போட்டதுக்கே அம்புட்டும் போச்சு. எடுத்துரு. கம்ப்யூட்டர்ல வேற நல்ல சுழி இருக்கும்ல?”

“மொதலாளி, அவுக வெளியதான் உக்காந்திருக்காக. வாசக் காவலுக்காவது...”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். டிரைவருக்குப் போன் போட்டுக் காரைப் பின்னால் கொண்டுவரச் சொன்னார். பேப்பர் ரீல் இறக்குகிற பின்வாசல் வழியாகவே போனார். வேல்விழி மாதிரித் தாளைத் தள்ளி வைத்துவிட்டுத் திரையில் சுழியைப் பெரிதாக்கினாள்.

முன்வாசலில் நின்ற கார் சுற்றிக்கொண்டு பின்னால் போனதைச் செல்வக்குமார் பார்த்திருந்தான். உள்ளே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

“பாத்தாகளா?”

“ம்.”

என்ன சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. திரை முழுக்க விரிந்து கிடந்த சுழியைக் குனிந்து பார்த்தான். “என்ன வேலு, எறும்பு மொய்ச்ச மாதிரி?”

“நீங்க போட்டதுதாங்க. பேனா தட்டுன எடமெல்லாம் ஒரு புள்ளி.”

“இம்புட்டு எடத்துலயா தட்டுச்சு?” நாற்காலியைச் சுற்றி மேஜைக்குப் பக்கத்தில் வந்தான். “எப்படி அழிக்கிறது?”

மொத்தமாக ஒரே நொடியில் அழித்துவிடலாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. மவுஸால் ஒரு புள்ளியைத் தொட்டு, விசைப்பலகையில் அழிக்கிற பொத்தானைக் காட்டினாள். இடது கை சும்மாதான் இருந்தது. அவன் துண்டை விலக்கி, மடங்கிப்போன வலது கையின் முட்டியைப் பொத்தான் மேல் வைத்து அழுத்தினான். அவள் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக் கொடுத்தாள். புள்ளி போகப் போக, அடுத்த புள்ளி வரைக்கும் கோடு தானாகவே நீண்டு பிடித்துக்கொண்டது. தட்டல்கள் போயின. அடிவயிறு வற்றியது. சுழி அவிழ்ந்தது. கடைசியில் வாலில் இரண்டு புள்ளிகளும், நடுவில் முடியளவு ஒரு கோடும் மிஞ்சின. அந்தத் துண்டுக் கோடும் வலப்பக்கம் சற்றே மேலேறித்தான் இருந்தது. அவள் அடுத்த புள்ளியைத் தொடவில்லை. அவன் முட்டியைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.