மூன்று சொட்டு எண்ணெய்

நான் தப்பான கீயை அழுத்துகிறேனாம். அதனால்தான் கம்ப்யூட்டர் நின்று போகிறதாம். மெட்ராசிலிருந்து வந்த இன்ஜினியர் மூடியைக் கழற்றி, பத்தே நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டில் ‘ஆபரேட்டர் தவறு’ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டுப் போனார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

அது 1988. மல்லசமுத்திரத்தில் வேலுமணி முதலாளியின் கோழித்தீவன மில். நான் வசந்தாமணி. கணக்கில் பட்டம் வாங்கி, சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். தினமும் ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவேன். ஒரு கலவைக்கு மக்காச்சோளம் எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு, கருவாட்டுத் தூள் எவ்வளவு என்று அந்தப் பச்சை எழுத்துத் திரையில் போட்டுக் கொடுப்பது என் வேலை.

கம்ப்யூட்டர் காலையில் முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு திரையில் இருந்தது இருந்தபடி நின்றுவிடும். எந்தக் கீக்கும் அசையாது. அணைத்து அரை மணி விட்டால் மறுபடி ஓடும்.

“வெள்ளிக்கிழம இன்ஜினியர் மறுக்கா வாராரு அம்மிணி,” என்றார் முதலாளி. “அன்னைக்கும் நின்னுச்சுன்னா மிசினையும் அனுப்பிருவேன், உன்னையும் அனுப்பிருவேன். மனசுல வெச்சுக்காத.”

மனசில் வைக்காமல் வேறெங்கே வைப்பது? வேலை போனால் போகட்டும். ஆனால் செய்யாத தவறைச் சுமந்துகொண்டு பஸ் ஏறமாட்டேன். எனக்கு நான்கு நாள் இருந்தது.

திங்கட்கிழமை நானே நான்கு வரி புரோகிராம் எழுதி, திரையில் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டேன். அப்புறம் ஒரு கீயைக்கூடத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தேழாவது நிமிடம் கடிகாரம் நின்றது. என் விரல்மேல் பழி போட்ட மகராசன் அப்போது பக்கத்தில் இல்லாமல் போனாரே!

அரவை மோட்டார் கிளம்பினால் மில்லில் விளக்கே மங்கும். கரண்ட்தான் காரணமோ என்று, செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் நின்றிருந்தபோது போட்டுப் பார்த்தேன். அப்போதும் கம்ப்யூட்டர் நின்றது.

புதன்கிழமை மூடியைக் கழற்றி, மேஜை ஃபேனை நேராகத் திருப்பி வைத்தேன். மூன்று மணி நேரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆகக் கோளாறு சூட்டில் இருக்கிறது. மூடியை மாட்டிவிட்டு, பின்பக்கம் சூட்டை வெளியே தள்ளும் சின்ன ஃபேனுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தேன். காகிதம் பறக்க வேண்டும். அசையவே இல்லை. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை அந்த ஃபேனைக் கழற்றினேன். இறக்கைகளில் மஞ்சளாக ஏதோ களி மாதிரி அப்பியிருந்தது. சோள மாவும் எண்ணெயும். முகர்ந்தால் மில்லில் மிசினுக்கு ஊற்றும் அதே எண்ணெய். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்து, காயவைத்து மாட்டினேன். மதியம் முழுக்க நிற்காமல் ஓடியது. அடி வசந்தாமணி, நீ லேசுப்பட்டவள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கம்ப்யூட்டருக்குள் எண்ணெய் எப்படி வந்தது?

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். முதலாளி நீள மூக்கு ஆயில் கேனோடு மில்லைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆள்கள் வருவதற்கு முன்னால் எல்லா மிசினுக்கும் தன் கையாலேயே எண்ணெய் விடுவது அவர் வழக்கம். அரவைக்கு விட்டார், கலவைக்கு விட்டார். அப்புறம் கம்ப்யூட்டர் அறை வாசலில் பயபக்தியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பின்பக்க ஃபேனுக்கு நேராகக் கேனைச் சாய்த்தார்.

“ஐயோ, ஊத்தாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “எம்பட மிசினுக்கு எண்ணெ ஊத்தறதுக்கு உன்னையக் கேக்கோணுமா? சுத்தறது எதுவா இருந்தாலும் தெனம் மூணு சொட்டு ஊத்தோணும். பத்து வருசமா ஒரு நாள் தவறுனதில்ல.”

முந்தின நாள் ஃபேனிலிருந்து சுரண்டிப் பொட்டலம் கட்டி வைத்திருந்த களியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“நீங்க ஊத்துன எண்ணெயும் நம்ம மில்லுத் தூசியும் சேந்து இப்பிடி ஆயிருச்சுங்க. ஃபேனு நின்னு, சூடு தாங்காமத்தான் கம்ப்யூட்டர் நிக்குதுங்க. தப்பு எம்மேல இல்லீங்க.”

விரலில் உருட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். சரி, முதலாளியையே குற்றம் சொல்லியாயிற்று, இனிப் பையைத் தூக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை.

பத்து மணிக்கு இன்ஜினியர் வந்தார். மூடி மாட்டியிருந்தது, அரவை மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் போட்டுவிட்டு அவருக்கு நாற்காலி போட்டேன். ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு மணி நேரமும் ஓடியது. அவர் பேனாவைத் திறந்து, “குட். ஆபரேட்டர் இப்ப சரியா பழகிட்டாங்கன்னு எழுதிடறேன்,” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

“மொதல்ல அந்தப் பழைய ரிப்போர்ட்டை அடிச்சு உடுங்க சார். ஃபேனுல எண்ணெ ஊத்திக் கெடுத்தது நானு. எம்பட பேரையே போட்டு எழுதுங்க. கண்டுபுடிச்சது எங்க வசந்தாமணின்னும் எழுதுங்க.”

இன்ஜினியர் சிரித்து மழுப்பினார். “அதெல்லாம் எதுக்குங்க?”

“எழுதுங்க சார். எழுதுனதுக்கப்பறம் காப்பி சாப்புடலாம்.”

எழுதினார். நான் பக்கத்தில் நின்று, என் பெயரில் ஒரு எழுத்தும் விட்டுப்போகாமல் எழுதவைத்தேன். கையெழுத்தும் வாங்கினேன். அன்றைக்கு என் தலை நிலைவாசலில் இடிக்காதது ஆச்சரியம்தான்.

மறுநாள் காலை நான் கடிகாரத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழலாடியது. முதலாளி செருப்பைக் கழற்றினார். அதன் பக்கத்திலேயே ஆயில் கேனையும் இறக்கி வைத்தார். வெறுங்கையோடு நிலைப்படியிலேயே நின்றுகொண்டு, “உள்ள வரலாமுங்களா அம்மிணி?” என்று கேட்டார்.