அவளுடைய நோவும் அவனுடைய நோவும்

பத்தியக்கறி இருந்த சாப்பாட்டுப் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான் பிரணவன். அடுத்த நிமிடமே மறுபடியும் வலது கைக்கு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் குறுக்கும் நெடுக்குமாக நடந்த நடைக்கு லின்ஃபீல்டில் இருக்கும் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

பிள்ளை பிறந்து இரண்டு நாள். கை கால் உதறுகிறது, பால் குடிக்கவில்லை, கீச்சிட்டு அழுகிறது. வயிற்றில் இருந்தபோது போதை மருந்து ஏதும் சேர்ந்ததா என்று அறிய முதல் மலத்தைச் சோதிக்க வேண்டும், சம்மதமா என்று நர்ஸ் காலையில் கேட்டிருந்தாள். பிரணவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆட்களிடம் கேட்கிற கேள்வியா இது? கோயிலில் தெரிந்தால் நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது? பிள்ளையை அரசாங்கம் பறித்துக்கொண்டு போய்விட்டால்? கையெழுத்துப் போட வேண்டாம் என்று மனைவி கஜந்தினியிடம் சொல்லத்தான் உள்ளே போனான்.

அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து பாதி மாத்திரைகள் தீர்ந்த குளிசை அட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். ஹென்டர்சனில் உள்ள வேலைத்தளத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்ததில் வந்த நாரி நோவுக்கு, அந்த இடுப்பு வலிக்கு, அவனுடைய அக்கா யோகராணி ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஐந்து மாதமாக விழுங்கியிருக்கிறாள்.

"மிட்வைஃபிட்ட ஏன் நீர் சொல்லேல்லை?"

"ட்ரக்ஸ் ஏதும் எடுக்கிறனீரோ எண்டு அவா என்னட்டைத்தான் கேட்டவா. நீங்கள் முந்திக்கொண்டு சிரிச்சு 'நோ' எண்டு சொன்னியள். நான் நாரி நோ எண்டு சொல்ல வாயெடுத்தனான்."

பிள்ளை வயிற்றில் இருந்தபோது மருத்துவச்சியிடம் போன அந்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ட்ரக்ஸ் என்றதும் தூள் அடிக்கிறவர்கள்தான் அவன் கண்ணில் நின்றார்கள். குளிசையும் அதில் சேரும் என்று தோன்றவில்லை. அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

தொட்டிலில் பிள்ளை மறுபடி உதறியது. அட்டையை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் ஓடினான். அவள் மருந்தின் பெயரைப் படித்துவிட்டு டொக்டரை அழைத்தாள். வயிற்றுக்குள்ளேயே இந்த மருந்துக்குப் பழகிய பிள்ளை இப்போது அது இல்லாமல் தவிப்பதாக இருக்கலாம், தெரிந்தது நல்லது, சோதனை தண்டிப்பதற்கு அல்ல, சரியான வைத்தியத்துக்குத்தான் என்றாள் டொக்டர். பேனாவை இம்முறை கஜந்தினியிடம் நீட்டினான். அவள் கையெழுத்திட்டாள்.

பிள்ளையின் படம் கேட்டு யோகராணி போன் எடுத்தாள். அவன் மழுப்பவில்லை.

"அக்கா, டொக்டரைக் கேளாமல் பிள்ளைத்தாச்சியளுக்கு ஒரு குளிசையும் குடுக்காதேங்கோ. அவையிட்டக் கேக்கிற கேள்விக்கு அவையளே மறுமொழி சொல்லட்டும். அவளின்ர நோவை என்ர 'நோ' மறைச்சுப்போட்டுது. இப்ப துடிக்கிறது பிள்ளை."